தவளம் இறங்கிய மலையில் நாமும் இறங்குகிறோம்

பாடசாலை விடுமுறை வருகிறது. கொழும்புப் பக்கத்துச் சொந்தங்கள் வேனிலும் காரிலும் மலையேறி வருவார்கள். அதற்கு முன் நம் பாதைகளின் கதையைக் கொஞ்சம் பேசிக்கொள்வோம்.

கண்டி அரசர்கள் காலத்தில் இந்த மலைகளில் சக்கரம் ஓடவில்லை. பகைவர் படை இலகுவில் ஏறிவிடக் கூடாதென்று பாதைகளைக் குறுகலாகவே விட்டுவைத்தார்கள். உப்பும் கருவாடும் மேலே வந்ததும், பாக்கு கீழே போனதும் தவளத்தில்தான்; அதாவது பொதிமாட்டு வரிசையில். அந்தத் தொழிலில் முன்னின்றவர்களில் நம் முன்னோரும் உண்டு. அரசரின் போக்குவரத்துப் பிரிவான ‘மடிகே பத்த’விலும் முஸ்லிம்கள் பணி செய்தார்கள். மாடு பார்த்துப் பார்த்துக் கால் வைத்தது. மனிதனும் மாட்டின் வேகத்திலேயே நடந்தான்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியை அமைப்பித்தார். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்த வழியை இன்றும் பார்க்கலாம். வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829இல் இறந்தார்; அவருக்கு அங்கே கோபுரம் நிற்கிறது. கல் சுமந்தவர்களுக்குக் கோபுரம் இல்லை. பிறகு கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் வீதிகள் மேலே மேலே ஏறின. 1884இல் ஹற்றனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் வரும்வரை பாரம் இழுத்தது மாட்டுவண்டிதான்.

மாட்டுவண்டிக் காலத்துத் தடத்தில்தான் இன்று நாம் பஸ் ஓட்டுகிறோம். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ், வேன், முச்சக்கரவண்டி மோதி 7 பேர் போனார்கள். 2025 மே 11 அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் கொத்மலை கெரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வீடுகளின் துக்கம் நம் எல்லோருடையதும்தான்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குச் சொல்வோம். 10 தொன் எடையுள்ள பஸ் 800 மீற்றர் உயரம் இறங்கினால் வெளிவரும் சக்தி, சுமார் 230 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதும். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டில் பெரும்பகுதியை பிரேக்தான் தாங்க வேண்டும். அளவு மீறினால் மிதித்தாலும் பிடிக்காது. அதனால்தான் பழைய லொறிச் சாரதிகள், ஏறுகிற கியரிலேயே இறங்கு என்பார்கள். கியர் குறைவாக இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசல் மிச்சமென்று நியூட்ரலில் உருட்டுவது அந்தப் பிடியை நாமே அறுத்துவிடுவது. ஓட்டோ கியர் கார்க்காரர்களும் இறக்கத்தில் ‘எல்’லுக்கு மாற்றலாம்.

வளைவுக்கு முன்னே வேகத்தைக் குறையுங்கள், ஹோர்ன் அடியுங்கள். ஒடுங்கிய இடத்தில் ஏறி வருகிறவருக்கு வழி விடுங்கள். பனிமூட்டத்தில் லைட்டைத் தாழ்த்திப் போடுங்கள். பிரேக் சூடேறிய வாசனை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி, ஆறவிட்டுப் போங்கள். ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்தில் ஒன்றும் குறைந்துவிடாது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பயண துஆவை ஓதுவோம், கியரையும் குறைப்போம். விடுமுறைக்கு வரும் உங்கள் உறவுகளுக்கு இதை இன்றே சொல்லி வையுங்கள்.