எண்ணெயின் நினைவு

தெலுக் இந்தானில் தேங்காய் எண்ணெய் உறைவதை நாம் பெரும்பாலும் காண்பதில்லை. அதே போத்தலைக் கேமரன் மலையில் ஓரிரவு வைத்தால், விடியலில் கட்டியாகியிருக்கும். பள்ளிச் சுற்றுலாவில் ஒரு மாணவி, தலைக்கு எண்ணெய் தேய்க்க இயலாமல் போத்தலை வெயிலில் வைத்துக் காத்திருந்ததைக் கண்டிருக்கிறேன். அச்சிறு தொல்லையே ஏறத்தாழ 1,157 கிலோமீட்டர் நீளக் குழாயினுள் நேர்ந்தால் என்னாகும்?

1953இல் அசாமின் நாகர்கட்டியாவில் கச்சா எண்ணெய் கண்டறியப்பட்டது. அதனைக் கொண்டுசெல்லும் குழாய்வழி கௌகாத்தி வரை 1962இலும், பீகாரின் பரௌனி வரை 1964இலும் இயங்கத் தொடங்கிற்று. அவ்வெண்ணெயோ மெழுகு மிகுந்தது. ஏறத்தாழ 30 பாகை செல்சியசிலேயே ஓட்டம் இழப்பது. குளிர்காலத்தில் அங்கு மண் அதனினும் தண்ணென்றிருக்கும். ஓட்டம் நின்று எண்ணெய் இறுகிவிட்டால், மீண்டும் நகர்த்த வேண்டிய அழுத்தம் குழாயின் தாங்குதிறனையே மிஞ்சக்கூடும்.

பொறியாளர் கண்ட வழி வியப்புக்குரியது. எண்ணெயை 90 பாகைக்கு மேல் சூடாக்கி, பின்னர் அளவான வேகத்தில் சுமார் 18 பாகை வரை ஆறவைத்தே குழாயில் செலுத்தினர். ஓடவேண்டிய எண்ணெயை வேண்டுமென்றே குளிரச் செய்வதா எனத் தோன்றலாம். நன்கு சூடேறும்போது மெழுகு முழுதும் கரைகிறது. முறையாக ஆறும்போது எண்ணெயிலுள்ள பிசின் போன்ற பொருள்கள் மெழுகுப் படிகங்களோடு ஒட்டி, அவை வலைபோல் பின்னிக்கொள்வதைத் தடுக்கின்றன. ஆதலால் அதே எண்ணெய், அதே குளிரில், முன்னைவிட எளிதாக ஓடுகிறது. இடைப்பட்ட சூட்டிற்கு மீண்டும் ஏற்றினால் அப்பயன் கெடவும் கூடும். எண்ணெய் தான் பட்ட சூட்டை நினைவில் வைத்திருக்கிறது எனலாம். பின்னாளில் இம்முறையின் இடத்தை வேதிச் சேர்மங்கள் பெற்றன.

பாகுநிலை என்பது ஒரே எண்ணன்று என்பதே இதனால் விளங்கும். மெழுகு தோன்றும் வெப்பநிலைக்குக் கீழே அது ஓட்ட வேகத்திற்கேற்பவும் மாறுபடும். பாகுநிலை கூடினால் மெழுகுப் படிவும் கூடும் என்று மாணவர் எழுதிவிடுவர், அதுவும் முழுமையன்று. தடித்த எண்ணெயில் மெழுகு மூலக்கூறுகள் குளிர்ந்த குழாய்ச் சுவரை நோக்கி மெல்லவே நகரும். சுவரில் படிந்ததை உரசிப் பெயர்க்கும் விசையும் பாகுநிலையோடு மாறும். எனவே ஆய்வகத்தில் ஒருமுறை அளந்த எண்ணை மட்டும் கொண்டு கணக்கிட்டால், படிவின் தடிப்புப் பிழைபடும்.

நம் திரெங்கானுக் கடலில் உள்ள துலாங் வயலின் எண்ணெயும் மெழுகு மிகுந்ததே. இத்தகைய எண்ணெய் ஓடும் குழாய்களில், படிவைச் சுரண்டும் கருவியை எத்தனை நாளுக்கு ஒருமுறை அனுப்புவது என்பதும் இக்கணக்கைப் பொறுத்ததாகும்.