கேடயத்தில் ஒரு கரிய முகம்

நகரச் சின்னம் என்பது ஒரு நகரத்தார் தம்மைப் பற்றி உலகுக்கு உரைக்கும் சுருக்கமான வரலாறு எனலாம். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து வடபகுதியில் உள்ள கோபுர்க் நகரின் சின்னம் பொன்னிறக் கேடயம் ஆகும். அதன் நடுவே ஆப்பிரிக்கர் ஒருவரின் கரிய தலை விளங்குகின்றது, காதிலே பொன்வளையம். ஐரோப்பிய நகரம் ஒன்று இம்முகத்தைத் தன் அடையாளமாகக் கொண்டது எவ்வாறு?

அம்முகம் நகரின் காவற் புனிதரான மொரீசியசைக் குறிப்பது. அவர் பெயர் தாங்கிய பழம்பெரும் ஆலயம் இன்றும் நகரின் நடுவே உள்ளது. கிறித்துவ மரபின்படி, எகிப்து நாட்டுத் தீபையிலிருந்து வந்த படைக்குத் தலைவராக உரோமப் பேரரசில் பணியாற்றியவர் அவர். மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசன் மக்சிமியனின் நெறியற்ற ஆணைக்குப் பணிய மறுத்தார். இன்றைய சுவிட்சர்லாந்தில் தம் வீரர்களோடு உயிர் துறந்தார். அவரை ஆப்பிரிக்கராகச் செதுக்கிய புகழ்மிக்க சிலை, 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாக்டபுர்க் பேராலயத்தில் எழுந்தது.

நூற்றாண்டுகள் பல கடந்தபின் அம்முகத்திற்குச் சோதனை வந்தது. 1929இல் கோபுர்க் நகர மன்றத்தில் நாஜிக் கட்சி பெரும்பான்மை பெற்றது. ஜெர்மனியில் அக்கட்சி அவ்வாறு கைப்பற்றிய முதல் நகரம் அதுவே. நிற வேற்றுமையையே கொள்கையாகக் கொண்டோர்க்குக் கரிய புனிதரைத் தலைமேல் தாங்க மனம் ஒப்புமோ? 1934இல் அவர் முகம் அகற்றப்பட்டது. வாளொன்றும் அதன் கைப்பிடிக் குமிழில் நாஜிகளின் ஸ்வஸ்திகமும் அவ்விடத்தைப் பிடித்தன. கொடுங்கோலனின் ஆணையை மறுத்தவர் நின்ற இடத்தில், ஆணைக்கு அடிபணிதலே அறம் என்றவர்களின் வாள் நின்றது. அவ்வாள் நிலைத்தது பதினோராண்டுகளே. 1945இல் ஆட்சி வீழ்ந்தது; பழைய முகம் மீண்டது.

எனினும் வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. தடித்த உதடும் காதணியுமாய்த் தீட்டப்பட்ட அவ்வுருவம், ஆப்பிரிக்கரை ஐரோப்பியர் இழிவாக நோக்கிய காலத்தின் சாயலைக் கொண்டது என்றும், அதனை நீக்க வேண்டும் என்றும் 2020இல் கோரிக்கை எழுந்தது. அது புனிதர்க்குச் செய்யும் சிறப்பே என மறுதரப்பினர் வாதிட்டனர். சின்னம் மாற்றப்படவில்லை.

இரு தரப்பினர் கூற்றும் சிந்திக்கத்தக்கனவே. வரலாற்றை அறிந்தவனுக்கு அக்கேடயத்தில் தெரிவது அறத்தின் பொருட்டு உயிர்கொடுத்த ஒருவரின் முகம். அறியாதவனுக்கோ அது வெறும் கேலிச் சித்திரம். ஆகவே, சின்னத்தைக் காப்பவர்கள் அதன் வரலாற்றையும் சேர்த்தே காத்தல் வேண்டும். வரலாறு மறைந்தால், கேடயத்தில் முகம் இருந்தும் மொரீசியசு அங்கே இருக்கமாட்டார்.