பச்சை ரத்தம்

2021 ஜூலையில் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற கைபேசி விளையாட்டு வெளிவந்தபோது, சுடப்பட்டவன் உடம்பிலிருந்து அதில் தெறித்த ரத்தம் பச்சையாக இருந்தது. எதிராளியைக் 'கொன்றதாக' முன்பு வந்துகொண்டிருந்த ஆங்கில அறிவிப்பு 'முடித்ததாக' மாற்றப்பட்டிருந்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பெற்றோர் சம்மதத்துடன் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்தான் விளையாடலாம் என்றும் ஒரு விதி. முந்தைய ஆண்டு செப்டம்பர் 2 அன்று 118 செயலிகளுள் ஒன்றாகத் தடைசெய்யப்பட்ட பப்ஜிதான் இப்படி உருமாறி வந்தது. 'ஆளை முடிச்சிட்டான்' என்றால் எங்கள் விருதுநகர்ப் பக்கம் என்ன அர்த்தம் என்று அந்தத் தென்கொரியக் கம்பெனிக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

இந்தப் பச்சைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தேடிப் போகையில்தான் இன்னொரு கேள்வியும் எழுந்தது. வீடியோ விளையாட்டில் வன்முறை என்னும் விவாதத்தை, விளையாட்டு வெடியைக் கையால் செய்து ஊருக்கெல்லாம் விற்கிற ஒரு பிரதேசத்திலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும்?

முதல் பெரிய சர்ச்சை 1976இல் அமெரிக்காவில் நடந்தது. எக்சிடி என்ற நிறுவனத்தின் 'டெத் ரேஸ்' இயந்திரத்தில் காரை ஓட்டி, ஓடுகிற உருவங்கள்மீது ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஓர் அலறல். அந்த இடத்தில் ஒரு சிலுவை. வெறும் கோட்டுருவங்கள்தான். ஆனாலும் பத்திரிகைகள் கொதித்தன. அவை மனிதர்களல்ல, பூதங்கள் என்றது நிறுவனம். கூச்சலால் விற்பனை கூடியது தனிக்கதை. அடுத்து 'மார்ட்டல் காம்பாட்'. 1993இல் அது வீட்டுக் கருவிகளுக்கு வந்தபோது நின்டென்டோ அதன் ரத்தத்தைச் சாம்பல்நிற வியர்வையாக மாற்றியது. சேகாவோ ஒரு ரகசிய விசைக்கோவையை அடித்தால் சிவப்பு ரத்தம் வரும்படி விட்டுவைத்தது. எது அதிகம் விற்றது என்று சொல்ல வேண்டியதில்லை. அவ்வருடம் டிசம்பர் 9 அன்று லீபர்மன், கோல் என்ற இரு செனட்டர்கள் விசாரணை நடத்த, அடுத்த ஆண்டே எந்த வயதுக்கு எந்த விளையாட்டு என்று தரம் பிரிக்கும் அமைப்பு உருவாயிற்று. 1997இல் 'கார்மகெடான்' வந்தபோது பிரிட்டனில் பாதசாரிகள் பச்சை ரத்தம் வடியும் நடைபிணங்களாக மாற்றப்பட்டார்கள். ஜெர்மனியில் இயந்திர மனிதர்களாக.

ஆக மனிதன் பூதமானான், ரத்தம் வியர்வையானது, பிறகு பச்சையானது. சர்ச்சை எழுந்த இடத்திலெல்லாம் தீர்வாக வந்தது ஒரு வர்ணப் பூச்சு. ஏன்? கேள்வியே அப்படித்தான் கட்டமைக்கப்பட்டிருந்தது. 'பிம்பம் பார்க்கிற குழந்தையை என்ன செய்கிறது?' கேள்வி பிம்பத்தைப் பற்றியது என்றால் பதிலும் பிம்பத்தைத் திருத்துவதாகத்தானே இருக்கும்.

இங்கேயும் அதே கதைதான், கொஞ்சம் போலீஸ் சேர்த்து. 2019 மார்ச்சில் பப்ஜிக்குத் தடை விதித்த ராஜ்கோட் காவல்துறை, கைபேசியில் அதை விளையாடிய இளைஞர்களைக் கைதே செய்தது. இளைஞர்களின் நடத்தை கெடுகிறது, வன்முறை இயல்பு வளர்கிறது என்பது காரணம். ஆனால் அடுத்த ஆண்டு மத்திய அரசு நாடு முழுக்கத் தடை விதித்தபோது சொன்ன காரணத்தில் வன்முறையே இல்லை. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, தகவல் திருட்டு என்பவைதான் இருந்தன. எல்லையில் சீனாவோடு மோதல் நடந்த வருடம் அது. திரையில் யார் யாரைச் சுடுகிறார்கள் என்பது அரசுக்கு முக்கியமில்லை, தகவல் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதே முக்கியம்.

இனி எங்கள் பக்கம். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து தீப்பெட்டி செய்யத் தொடங்கியதையும், தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் வந்ததையும் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். 'குட்டி ஜப்பான்' என்று நேரு சொன்னதாகப் பெருமை. அந்தக் குட்டி ஜப்பானில் செய்து விற்கும் வெடி ஒன்றின் பெயர் 'அணுகுண்டு'. பச்சை நூல் சுற்றிய அந்த உருண்டையைக் கையில் வாங்கும் எந்தக் குழந்தைக்கும் ஹிரோஷிமா நினைவு வருவதில்லை, எனக்கும் வந்ததில்லை. பெயரளவில் பார்த்தால் டெத் ரேஸைவிடக் கொடூரமான விளையாட்டு இது. ஆனாலும் யாரும் சர்ச்சை செய்ததில்லை. லட்சுமி வெடியின் மேலட்டையில் தெய்வத்தின் படம் கிழிபடுகிறதே என்றுதான் சண்டை வந்தது. அதாவது இங்கும் பிம்பம்தான்.

துப்பாக்கிக் கேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குக் குழந்தையின் கையில் முதலில் கொடுக்கப்படுவது அதுதான். தீப்பெட்டியில் குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரசும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்து வைத்திருப்பதுதான் அதன் பாதுகாப்பு. கேப்பில் இவ்விரண்டையும் ஒரே பொட்டில் சேர்க்கிறோம், லேசாகத் தட்டினால் போதும். விளையாடுகிறவனுக்கு ஒரு 'டப்'. அதைச் சேர்க்கிற கைக்கு? வீடியோ விளையாட்டு விவாதத்தில் இல்லாமற்போன உடல் இந்தக் கைக்குரிய உடல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

டெத் ரேஸைப் பற்றி அமெரிக்கா கவலைப்பட்ட அதே 1976இல்தான் சிவகாசிப் பகுதிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி ஹர்பன்ஸ் சிங் குழு விசாரித்தது. குழந்தைகளை வேலைக்கு ஏற்றிச் சென்ற வண்டி விபத்துக்குள்ளாகிப் பலர் இறந்த பிறகுதான் அப்படியொரு குழுவே வந்தது. விடியுமுன் கிராமத்துக்குள் வந்து நிற்கும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ், தூங்கிவழிந்தபடி ஏறும் பிள்ளைகள், பெட்டிக் கணக்குக்குக் கூலி. இவையெல்லாம் எண்பதுகளின் ஆய்வுகளிலும், 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்திலும் பதிவாகியிருக்கின்றன. எங்கள் தெருவில் அம்மா வயதுப் பெண்களிடம் கேட்டால், "பள்ளிக்கூடமா? குச்சி அடுக்கத்தான் போனோம்" என்பார்கள், ஏதோ ஊர்ப் பெயர் சொல்வதுபோல.

வயது என்ற அளவுகோலைக் கவனிக்க வேண்டும். எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம், மருந்து கலக்கும் இடத்துக்கு அப்பால், பொட்டலம் கட்டும் வேலையில் குழந்தைகளை வைத்துக்கொள்ளலாம் என்றது. கூலி, பெரியவர்களின் குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நான்கு வருடம் கழித்து அமெரிக்காவில் எந்த வயதுக் கண் எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று பட்டியல் வந்தது. இங்கே குழந்தையின் கை எத்தனை சதவீதம் பெறும் என்று கணக்குப் போட்டிருந்தோம். 1996 டிசம்பர் 10 தீர்ப்பில்தான் குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்ற உத்தரவு வந்தது. இன்று எண்பதுகளின் அளவுக்கு ஆபீஸ்களில் குழந்தைகள் இல்லை. தீர்ப்பு, இயந்திரம், சத்துணவு, பள்ளி, பெண்களின் பிடிவாதம் என எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. பெரியவர்கள் அதே மருந்தோடுதான் இருக்கிறார்கள்.

2012ஐ மட்டும் எடுத்துப் பார்ப்போம். ஜனவரியில் சீனாவின் வூகானில், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியைப் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்கள் கூரைமேல் ஏறிநின்று கூட்டமாகக் குதித்துவிடுவோம் என்றார்கள். செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 38 பேர் இறந்தார்கள். காப்பாற்றப் போன ஊர்க்காரர்களும் அதில் உண்டு. டிசம்பரில் அமெரிக்காவின் நியூடவுன் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு வாரம் கழித்து, துப்பாக்கிச் சங்கத்தின் நிர்வாகத் துணைத் தலைவர் லாபியேர் வீடியோ விளையாட்டுகளைக் குற்றவாளியாக்கிப் பேசினார். மூன்றில் உலகம் விளையாட்டு வன்முறை பற்றிப் பேசியது கடைசியில் மட்டும்தான். அதுவும் நிஜத் துப்பாக்கி விற்கிறவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள எடுத்துத் தந்த பேச்சு.

நம் பத்திரிகைகளுக்கும் ஒரு வர்ணம் இருக்கிறது. அதன் பெயர் 'உராய்வு'. 'மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக' என்று ஒவ்வொரு விபத்துச் செய்தியும் தொடங்கும். எழுவாய் இல்லாத சொல். உரசியது யார், அறைக்கு நான்கு பேர் என்ற விதியிருக்க எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள், நாக்பூர் லைசென்ஸ் எடுத்தவர் யாருக்கு உள்குத்தகை விட்டார் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோகும். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது உள்குத்தகை பற்றிப் பேச்சு வந்தது. தொடர்ந்து சில நாள் வந்தது, அவ்வளவுதான்.

நண்பர்கள் கேட்கக்கூடும்: அப்படியானால் திரையில் நடப்பது ஒன்றுமேயில்லையா? நான் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் நிதானமாகத்தான் சொன்னது: கத்துவது, தள்ளுவது போன்ற மூர்க்கத்தோடு இவ்விளையாட்டுகளுக்குச் சிறிய தொடர்பு தெரிகிறது, கொலைகளுக்கும் துப்பாக்கிச் சூடுகளுக்கும் இவற்றைக் காரணமாக்கப் போதிய ஆதாரமில்லை. 2000களின் நடுவில் விருதுநகர் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் 'வைஸ் சிட்டி' ஆடிய தலைமுறை என்னுடையது. அதில் ரோட்டில் போகிறவனை அடித்துப் பிடுங்கிய காசு அதிகம். அந்த விளையாட்டில் எளியவர்களும் அந்நியர்களும் எப்படி வரையப்பட்டார்கள் என்பதை விமர்சிக்க வேண்டும்தான். எல்லாமே பிம்பம் என்று போத்ரியாரை வைத்துப் பேசித் தீர்த்த நம் சிறுபத்திரிகைச் சூழல் அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. வளைகுடாப் போர் நடக்கவில்லை என்று அவர் 1991இல் எழுதியதை நாம் ரசித்தோம்; குண்டு செய்கிறவர்களைப் பற்றி அதில் வரியில்லை என்பதைக் கேட்டோமா? பிம்பத்தை ஆராய்வதும் அதைச் செய்கிற உடலைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பதுதான் அரசியல்.

பட்டாசுக்கும் பச்சை வந்தது. டில்லியில் தந்தையர் வழியாக மூன்று கைக்குழந்தைகளின் பேரில் 2015இல் தொடுக்கப்பட்ட வழக்கில், 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டுமே விற்கலாம் என்றது. சரவெடி கூடாது, பேரியம் கூடாது, தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை. டில்லிக் குழந்தைகளின் நுரையீரல் பொய்யல்ல. அந்த வழக்கைக் கேலி செய்ய நான் தயாரில்லை. ஆனால் இம்முறையும் நீதிமன்றத்தில் பேர் பெற்றது பட்டாசின் மறுமுனையிலிருக்கும் குழந்தைதான். செய்கிற முனையில் இருப்பவர்கள் 'வாழ்வாதாரம்' என்ற ஒரு சொல்லாக, ஆலை முதலாளிகளின் வாதத்துக்குள் வந்துபோனார்கள். வேடிக்கை என்னவென்றால், வாணத்தில் பச்சை நிறம் தருவதே பேரியம் உப்புதான்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு சிவகாசி ஆலைகள் பல மாதம் மூடிக் கிடந்தன. ராஜ்கோட்டில் கைபேசியில் சுட்ட இளைஞர்களைப் போலீஸ் பிடித்த 2019 மார்ச் வாக்கில்தான் அவை மறுபடி திறக்கத் தொடங்கின. பேரியம் இல்லாமல் மருந்து கலப்பது எப்படி என்று புதிய கலவை முறை வந்தது. கலக்குகிறவர்கள் அதே ஆட்கள், அதே நாலு பேர் அறை.