சோளத்துக்குள் ஒளிந்த வாற்கோதுமை

மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் நடத்திய நலவாழ்வு இல்லத்தில் இறைச்சிக்கும் காபிக்கும் இடமில்லை. எளிதில் செரிக்கும் தானிய உணவைத் தேடிய அவரும் தம்பி வில் கீத்தும் 1894-இல் வேகவைத்த கோதுமையை உருளைகளுக்கிடையே நசுக்கிச் செதில்களாக்கினார்கள். பிறகு கோதுமையின் இடத்துக்கு மக்காச்சோளம் வந்தது. 1906-இல் வில் கீத் தனி நிறுவனம் தொடங்கினார். அதே ஆண்டு வியன்னாவில் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே ‘அலர்ஜி’ என்ற பெயரை முன்வைத்தார். இந்த இரண்டு கதைகளும் ஒன்றையொன்று தொட வெகுகாலம் ஆனது.

வெறும் சோளச் செதிலில் ருசி ஏது? சர்க்கரையோடு மால்ட்டும் சேர்ந்தது. மால்ட் என்பது பெரும்பாலும் முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை. ‘கார்ன் ஃபிளேக்ஸ்’ என்ற பெயரில் சோளம் மட்டுமே தெரிந்தது. போட்டியாளர் சி.டபிள்யூ. போஸ்ட் 1897-இல் கொண்டுவந்த ‘கிரேப்-நட்ஸ்’ இன்னும் வேடிக்கை: அதில் திராட்சையும் இல்லை, கொட்டைப்பருப்பும் இல்லை, இருந்தது கோதுமையும் வாற்கோதுமையும்.

இந்த வாற்கோதுமை யாரை வாட்டும் என்பதை அறிய வழி திறந்தவர் ஹேக் நகரக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. நெதர்லாந்தின் 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் போனதும் சீலியாக் என்ற குடல் நோயால் வாடிய குழந்தைகள் தேறியதைப் பார்த்து அவர் திடீரெனக் கண்டுபிடித்ததாகச் சொல்வது வழக்கம். நல்ல கதைதான். ஆனால் 1930-களிலேயே அவருக்குக் கோதுமைமேல் சந்தேகம் இருந்தது. 1950-இல் வெளியான அவரது ஆய்வேடு கோதுமையையும் ரை தானியத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. வாற்கோதுமையும் அந்தக் கூட்டத்தில்தான் என்பது பின்னர் தெளிவானது. சீலியாக் வேறு, கோதுமை அலர்ஜி வேறு. இரு சாராருக்கும் அட்டைப் பெட்டியின் பின்பக்கமே துணை.

அந்தப் பின்பக்கம் ஒழுங்காகப் பேசத் தாமதமானது. அமெரிக்கக் காங்கிரஸ் 2004-இல் இயற்றி 2006 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் பால், முட்டை, மீன், ஓட்டுடலிகள், மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா என அலர்ஜி தரும் எட்டையும் எளிய பெயரில் எழுதச் சொன்னது. எள் 2023-இல்தான் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. வாற்கோதுமை பட்டியலில் இல்லை. அதனால் ‘மால்ட் சுவையூட்டி’ என்று மட்டும் அச்சிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது செல்லாது. அங்கே வாற்கோதுமையும் தனித்துத் தெரியும் எழுத்தில் வரவேண்டும். ஒரே ஆலையில் வேறு பொருள் ஓடிய இயந்திரத்தின் துகள் பற்றிய ‘இருக்கக்கூடும்’ எச்சரிக்கையோ, அமெரிக்காவில் நிறுவனத்தின் விருப்பம்தான்.

2015-இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் சீரியோஸ் என்ற தன் ஓட்ஸ் காலை உணவை ‘குளூட்டன் இல்லாதது’, அதாவது கோதுமையிலும் வாற்கோதுமையிலும் இருந்து சீலியாக் நோயாளிகளை வாட்டும் புரதம் இல்லாதது, என்று விற்கத் தொடங்கியது. ஓட்ஸ் இயல்பில் கோதுமையல்ல. ஆனால் வயலிலும் லாரியிலும் கோதுமை மணிகள் அதில் கலந்துவிடும். அவற்றைப் பிரித்தெடுக்கத் தனி ஏற்பாடே செய்தார்கள். அந்தக் கோடையில் கலிபோர்னியாவின் லோடை ஆலைக்கு ரயில் சேவை சில காலம் நின்றது. ஓட்ஸ் மாவை ரயில் பெட்டிகளிலிருந்து லாரிகளுக்கு மாற்றிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்த நாட்களில், குளூட்டன் இல்லாத ஓட்ஸ் மாவு மட்டும் போகவேண்டிய வழியில் யாரோ கோதுமை மாவைக் கொட்டிவிட்டார்கள். அக்டோபரில் சுமார் 18 லட்சம் பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன.

2018 தொடக்கத்தில் கனடாவில் விற்ற சீரியோஸ் பெட்டிகளிலிருந்து ‘குளூட்டன் இல்லாதது’ என்ற வாசகம் நீக்கப்பட்டது. ஓட்ஸைச் சோதிக்கும் முறையில் அங்கே உடன்பாடு எட்டப்படவில்லை. எல்லைக்குத் தெற்கே, அமெரிக்கக் கடைகளில், அந்த வாசகம் அப்படியே நீடித்தது.