சாந்திவனம்: காவிரிக் கரையில் ஒரு பாலைத் துறவு

சாந்திவனம் என்று அறியப்படும் சச்சிதானந்த ஆசிரமம், குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரியின் தென்கரையில் அமைந்த கத்தோலிக்கத் துறவு இல்லம். ஜூல்ஸ் மோன்சானின், ஹென்றி லெ சோ என்ற இரு பிரெஞ்சுத் துறவியர் 21 மார்ச் 1950 அன்று இதைத் தொடங்கினர். அன்று புனித பெனடிக்ட் திருநாள்.

வனம் என்னும் சொல்

கிறிஸ்தவத் துறவு பிறந்தது எகிப்தியப் பாலைவனத்தில். மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் உடைமைகளை விற்றுவிட்டுப் பாலைக்குள் சென்ற அந்தோணியார் அதன் முன்னோடியாகக் கருதப்படுகிறார். அவரைத் தமிழ்க் கத்தோலிக்கர் வனத்து அந்தோணியார் என்கின்றனர். அவருக்கு மூத்த தவசியான பவுலுக்கு வனத்துச் சின்னப்பர் என்று பெயர். விவிலியத்தின் பழைய தமிழாக்கத்தில் வனாந்தரம் என்று இருப்பது புதிய பொது மொழிபெயர்ப்பில் பாலைநிலம் ஆகிறது. மணற்காடு இல்லாத தமிழ் நிலத்தில் பாலைத் துறவைச் சொல்ல வனவாசம் என்ற பழைய கற்பனையே கைகொடுத்திருக்கிறது. காவிரிக்கரை மாந்தோப்பில் எழுந்த ஆசிரமத்துக்குச் சாந்திவனம் என்ற பெயர் அவ்வகையில் மிகப் பொருத்தமானது.

எகிப்தியத் தவசிகள் பாலையில் அஞ்சியது பசியை மட்டுமல்ல. நான்காம் நூற்றாண்டின் எவாக்ரியுஸ் வகுத்த எட்டுத் தீய எண்ணங்களில் ஒன்று நண்பகல் சோர்வு. பொழுது நகராது; குடிசை வெறுக்கும்; வேறிடம் போனால் நன்றாக இருக்கும் என்று மனம் சொல்லும். இருந்த இடத்திலேயே இருப்பதும், சங்கீதங்களை ஓதுவதும், கையால் வேலை செய்வதும் அதற்கு மருந்துகளாகச் சொல்லப்பட்டன. கிடைத்த ரொட்டியையும் நீரையும் நன்றியுடன் ஏற்பதும் இந்த ஒழுக்கத்தின் பகுதிதான். திருப்பலியைக் குறிக்கும் 'எவுக்கரிஸ்தியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கே நன்றிகூறல் என்று பொருள்.

இரு துறவியர்

மோன்சானின் (1895–1957) லியோன் மறைமாவட்டக் குரு. 1932-ல் கடும் நோயில் சாவின் விளிம்புக்குச் சென்றவர், பிழைத்தால் வாழ்வை இந்தியாவுக்கு அளிப்பதாக நேர்ந்துகொண்டார். நேர்ச்சை நிறைவேற ஏழாண்டுகள் ஆயின. 1939-ல் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்துக்கு வந்து, சிற்றூர்ப் பங்குகளில் பணிசெய்தார். பிரான்சில் அறிஞர் வட்டங்களில் மதிக்கப்பட்டவர், இங்கே ஆஸ்துமாவுடன் தனிமையில் வாழ்ந்தார்.

லெ சோ (1910–1973) பிரித்தானியின் கெர்கோனன் மடத்துப் பெனடிக்டியத் துறவி. 1948-ல் குளித்தலையில் மோன்சானினுடன் சேர்ந்தார். அடுத்த ஆண்டு இருவரும் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியைக் கண்டனர். அந்தச் சந்திப்பு லெ சோவை ஆழமாகப் பாதித்தது. ஆசிரமம் தொடங்கியபோது மோன்சானின் பரம அரூபி ஆனந்தம் என்றும், லெ சோ அபிஷிக்தானந்தா என்றும் பெயர் ஏற்றனர். காவி உடை, வெறுங்கால், மரக்கறி உணவு, குடிசை. திருப்பலி மட்டும் அக்காலத் திருச்சபை விதிப்படி லத்தீனில் நடந்தது.

இது முதல் முயற்சி அல்ல. கடத்தூருக்கு வடகிழக்கே திருப்பத்தூரில், சவரிராயன் ஜேசுதாசனும் ஏர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் 1921-லேயே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியிருந்தனர். இருவரும் மருத்துவர்கள், அவர்களது ஆசிரமம் சேவையை மையமாகக் கொண்டது. சாந்திவனத்தின் நோக்கமோ தியானம் மட்டுமே. மருத்துவமனையும் பள்ளியும் நடத்தாத துறவிகளை அன்றைய தமிழ்க் கத்தோலிக்கர் எளிதில் புரிந்துகொண்டிருக்க முடியாது.

ஆட்கள் வரவில்லை. வந்த சிலரும் தங்கவில்லை. எவாக்ரியுஸ் சொன்ன சோர்வு இங்கே இருவரிடம் இரு விதமாக வந்தது எனலாம். லெ சோ அருணாசலக் குகைகளில் நெடுநாட்கள் மௌனமிருந்தார். அத்வைத அனுபவம் அவரை ஈர்த்தது. திரித்துவத்தையும் சச்சிதானந்தத்தையும் அவ்வளவு எளிதில் இணைக்க முடியாது என்று மோன்சானின் தயங்கினார். ஒரே தோப்பில் வாழ்ந்த இருவரிடையே இந்த விலகல் கூடிக்கொண்டே போயிற்று. 1957-ல் சிகிச்சைக்காகப் பிரான்ஸ் சென்ற மோன்சானின் அக்டோபர் 10 அன்று பாரிஸில் இறந்தார். நேர்ந்துகொண்ட இந்தியாவில் அவர் விட்டுச்சென்றது சில குடிசைகளும் ஒரு சிறு வழிபாட்டிடமும். சீடர்களின் எண்ணிக்கையை வைத்து அவரது நேர்ச்சையை அளப்பது பிழையாகும்.

பின்னர்

லெ சோ 1968-ல் ஆசிரமத்தை பீட் கிரிஃபித்ஸிடம் விட்டு இமயமலைப் பகுதியில் உத்தரகாசிக்குச் சென்றார். கேரளத்தின் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து வந்த கிரிஃபித்ஸ் ஆங்கிலேய பெனடிக்டியர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்திருந்ததால் வழிபாட்டில் தமிழுக்கும் சமஸ்கிருதத்துக்கும் ஆரத்திக்கும் தடையில்லை. அவர் காலத்தில் உலகெங்குமிருந்தும் விருந்தினர் வந்தனர். 1980-களில் ஆசிரமம் கமால்டோலி துறவு சபையுடன் இணைந்தது. அது பதினோராம் நூற்றாண்டில் புனித ரொமுவால்ட் உருவாக்கிய, தனிக்குடில் வாழ்வைப் போற்றும் மரபு. எகிப்தியக் குடில்களின் தொடர்ச்சி இப்படிச் சுற்றி வந்து காவிரிக்கரையைச் சேர்ந்தது. கிரிஃபித்ஸ் 1993-ல் இங்கேயே மறைந்தார்.

லெ சோவுக்கு 1973 ஜூலையில் ரிஷிகேசத்தில் தெருவில் மாரடைப்பு ஏற்பட்டது. உதவி வரும்வரை நடைபாதையிலேயே கிடந்தார். பின்னர் எழுதிய கடிதங்களில் அதை ஒரு துன்பமாக அவர் சொல்லவில்லை. ஒரு விழிப்பு என்றும், எஞ்சிய நாட்கள் கூடுதலாகக் கிடைத்த கொடை என்றுமே கருதினார். அந்த நாட்கள் ஐந்து மாதம்கூட நீளவில்லை. டிசம்பர் 7 அன்று இந்தூரில் காலமானார்.