காலாப்பட்டு மனையும் அதன் பழஞ் சாசனமும்

நம் சங்கத்தாருள் ஆசிரியரும், எழுத்தரும், கடைப்பணியாளரும், தொழிற்சாலைகளிற் கூலிக்கு உழைப்போருமே பெரும்பாலார். இவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக்கொண்டு ஒரு மனை வாங்கக் கருதுங்கால், புதுவை நகரத்துள் அஃது எட்டாத விலையாய் நிற்கின்றமையின், வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்த் தொலைவிலுள்ள காலாப்பட்டின்மேல் நோக்குச் செல்கின்றது. மனையின் விலையை விசாரிப்பார் பலர். அம்மண்ணின் வரலாற்றை விசாரிப்பார் மிகச் சிலர். புதுவை மண்ணைப் பொறுத்தவரை வரலாறு அறியாதான் பத்திரம் படித்தல் அரிது. அதுபற்றியே இக்கட்டுரை எழுந்தது.

பட்டு என்பது சிற்றூரைக் குறிக்கும் பழஞ்சொல். நெய்யும் பட்டோடு இதனை இயைத்துக் கதை கூறுவாரும் உளர், அது பொருந்தாது. நகரமோ வேறு வகையிற் பிறந்தது. 1693ஆம் ஆண்டு ஒல்லாந்தர் புதுவையைக் கைப்பற்றி, 1699இல் பிரெஞ்சுக்காரரிடம் மீள ஒப்படைக்கும் இடைக்காலத்தே, நேர் நேராய்த் தெருக்கள் வகுத்த ஊர்ப்படம் எழுதினர். செட்டித் தெரு, வைசியாள் வீதி என்னும் பெயர்களே அத்தெருக்களில் இன்னின்னார் குடியிருந்தனர் என்பதை இன்றும் அறிவிக்கும். அவ்வீதிகளில் இடம் பெறாத உழைப்பாளர் நகரின் புறத்தே பேட்டைகளிற் குடியேறினர். ரோடியர், சவானா, கெப்ளே என்னும் பஞ்சாலைகள் எழுந்தபின் முதலியார்பேட்டை முதலிய இடங்கள் ஆலைத் தொழிலாளர் ஊர்களாயின. 1936 ஜூலை 30ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் பன்னிருவர் உயிர் நீத்ததும், அதன் மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானதும் யாவரும் அறிந்தனவே. அவ்வாலைகள் இப்போது இயங்கவில்லை. ஆலையை அடுத்துக் குடியிருந்த காலம் போய், மலிவான மண்ணைத் தேடி வடக்கே செல்லும் காலம் வந்தது.

நிற்க. காலாப்பட்டு புதுவையைச் சேர்ந்ததேயாயினும், நகரோடு ஒட்டிய நிலமன்று. நகரினின்று புறப்படுவார் கோட்டக்குப்பம், முதலியார்சாவடிகள், பொம்மையார்பாளையம் என்னும் தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்தே அங்குச் சேர வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கிராமங்கள் ஒரே சமயத்திற் கிடையாமல், வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்சியாளரிடமிருந்து துண்டு துண்டாய்க் கைவந்தமையே இதன் காரணம். இதனால் விளையும் தொல்லை சிறிதன்று. "புதுச்சேரிக்கு அருகில்" என்று விளம்பரம் செய்யப்படும் மனை, உண்மையில் விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் இருத்தல் கூடும். அங்ஙனமாயின் பதிவு செய்யும் அலுவலகமும், வரி கட்டும் உள்ளாட்சியும், வீடு கட்ட அனுமதி தருவோரும் வேறு. வேலி ஒன்றே இடையில் நிற்க, இரு மனைகளும் இரு அரசுகளுக்கு உரியனவாதலை அவ்வழியே செல்வார் கண்கூடாகக் காணலாம்.

இனிச் சட்டத்தின் வரலாற்றைக் கூறுவாம். 1819ஆம் ஆண்டு பிரெஞ்சு உரிமைச் சட்டம் புதுவைக்கு நீட்டிக்கப்பட்டது. எனினும் திருமணம், தாயம் முதலியவற்றில் இந்நாட்டார் தம் வழக்காறே செல்லும் என விடப்பட்டது. ஆங்கு நிலைபெற்ற இந்து வழக்காற்றில், தந்தை தன் பிதிரார்ச்சிதச் சொத்துக்கும் முழு உரிமையாளன். மகனுக்குப் பிறப்பினால் உரிமை இல்லை. தந்தை இறந்த பின்னரே உரிமை எய்தும். சென்னை மாகாணத்து வழக்காறு இதற்கு நேர்மாறானது. ஆதலின், கடலூரிலிருந்து வந்து மனை வாங்கும் நம்மவர், பழைய பத்திரத்தில் தந்தை ஒருவனே ஒப்பமிட்டிருத்தலைக் கண்டு, "மைந்தர் கையெழுத்து எங்கே?" என மருளுகின்றனர். அக்காலத்து அது குறையன்று.

ஆனால் 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்தை ஏற்ற "ரெனோன்சான்" குடும்பங்களும் இருந்தன. அவர்களுள் மகனும் மகளும் ஒப்பப் பங்குடையர். விற்றவர் எவ்வகையினர் என்பதை அறிந்த பின்னரே, யாருடைய ஒப்பம் வேண்டியிருந்தது என்று துணிதல் கூடும். இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுவைக்கு நீட்டிக்கப்பட்டு 1963 அக்டோபர் முதல் வழக்கிற்கு வந்தது. அதன் முன் மகன் இருக்க மகளுக்குப் பங்கில்லை. அதன் பின் உண்டு. பெண்மக்களை மறந்துவிட்டு எழுதிய பாகப் பத்திரங்கள் எத்துணை வழக்குகளை ஈன்றன! அவற்றுட் பல, உடன்பிறந்தாள் ஒருத்தியை ஒரு நாள் அழைத்து உட்காரவைத்துப் பேசியிருந்தால் எழுந்திரா என்பது எம் கருத்து.

பத்திரத்தின் உருவமும் வேறு. பிரெஞ்சு ஆட்சியில் "நொத்தேர்" என்னும் அதிகாரி முன் சாசனம் எழுதப்படும். மூலம் அவர் அலுவலகத்திலேயே தங்கும். வாங்கினவர்க்கு அளிக்கப்படுவது சான்றிட்ட படியே. "மூலப் பத்திரம் இல்லை" என்று தரகரோடு பிணங்குவார் இதனை உணர்தல் வேண்டும். இந்தியப் பதிவுச் சட்டம் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கு வந்தது. நிலத்திற்கும் இரண்டு எண்கள் வழங்கும்: பிரெஞ்சுக்காரர் இட்ட கதஸ்தர் எண் ஒன்று, பிற்காலத்து மறு அளவையின் எண் மற்றொன்று. இரண்டும் ஒரே நிலத்தைத்தான் சுட்டுகின்றனவா என்று ஒத்துப் பாராமல் முன்பணம் கொடுப்பது பேதைமை. 1962இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தோர் பலர். அவர்தம் வாரிசுகள் பிரான்சில் இருத்தலும் உண்டு. அத்தகைய சொத்தில் அதிகாரப் பத்திரத்தை நன்கு ஆராய்தல் தகும்.

1980களின் நடுவில் பொறியியற் கல்லூரியும், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பல்கலைக்கழகமும் இப்பக்கத்தில் அமைந்தன. மீனவர் குப்பங்களும் புன்செய்க் காடுகளுமாய் இருந்த ஊரில் மாணவர்க்கு வாடகை அறைகள் எழுந்தன; கடைகள் பெருகின; சாலை அகன்றது; மனைப்பிரிவுகள் தோன்றின. நகரத்துத் தெருக்களைப் போல் இன்னார்க்கு இன்ன வீதி என்பது இம்மனைப்பிரிவுகளில் இல்லை. அதனைக் குறையாகக் கூறும் முதியோரும் உளர். நம் பிள்ளைகள் பலரோடும் பழகி வளர்தலை யாம் நலமென்றே கொள்ளுகின்றோம்.

கீழ்த்திசை மனைகளைப் பற்றி ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரக் குப்பங்களைத் தாக்கியது. அது ஒரு நாளைய அழிவு. நாள்தோறும் நிகழும் அழிவு வேறு: 1980களின் இறுதியிற் புதுவைத் துறைமுகத்திற்குக் கல்லணை இட்டபின், தெற்கினின்று வடக்கே கடலோடு செல்லும் மணல் அங்கே தடைப்பட, அதன் வடபாலுள்ள கரை தேயலாயிற்று. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினர். தேய்வு வடக்கே நகர்ந்து, கோட்டக்குப்பம் கடந்து பிள்ளைச்சாவடி வரை குப்பத்தார் வீடுகளைக் கொண்டது. 1991 முதல் உள்ள கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, பின் 2011இலும் 2019இலும் மாற்றப்பெற்று, உயரலைக் கோட்டினின்று 500 மீட்டர் வரை கட்டட வேலைக்கு வரம்பு விதிக்கின்றது. ஆதலின் பழஞ் சாசனத்தில் "கிழக்கெல்லை கடற்கரை" என்றிருந்தால், அது எழுதிய ஆண்டில் கரை எங்கிருந்தது, இன்று எங்கிருக்கின்றது என்பதை அளவர் ஒருவரைக் கொண்டு அளந்து பார்த்த பின்னரே கிரயத் தொகையைப் பேசுக.