அட்டைகளை எரித்த ஊர்



கடையில் போன் நம்பர் கேட்டால் தாத்தா ஏன் தயங்குகிறார் என்று பேரன் கேட்டான். அவனுக்குச் சொன்ன வரலாறு இது.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை இருந்தது. பெயர், முகவரி, மதம் எல்லாம் அதில் உண்டு. நல்ல நிர்வாகத்துக்காக எழுதியதுதான். 1940-இல் ஜெர்மனி நாட்டைப் பிடித்தது. யூதர்களைத் தேடிப் பிடிக்க அதே அட்டைகள் உதவின. போலி அடையாளச் சீட்டுகளைக் காட்டிக்கொடுத்ததும் அவையே. 1943 மார்ச் 27 இரவு, போலீஸ் உடையில் சென்ற எதிர்ப்புப் போராளிகள் அந்தப் பதிவு அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஆனாலும் பெரும்பகுதி அட்டைகள் தப்பின. பிடிபட்டவர்களில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அதே ஆம்ஸ்டர்டாமிலும் பார்சிலோனாவிலும் 2017 முதல் 2019 வரை, ஐரோப்பிய ஒன்றிய நிதியில் ‘டீகோட்’ என்ற திட்டத்தைச் சோதித்தார்கள். தகவல் ஓரிடத்தில் குவியாது. அவரவர் கையில் இருக்கும். எதை, யாருக்குக் காட்டுவது என்பதை அவரே முடிவு செய்வார். 18 வயது நிறைந்ததை மட்டும் காட்டலாம். பெயரோ பிறந்த தேதியோ தெரியாது.

சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் சாதி, மதம் எல்லாம் எழுதியவன் நான். அந்தப் பீரோவின் சாவி தலைமையாசிரியரிடம் இருந்தது. இன்றைய பீரோவுக்குச் சாவி யாரிடம் என்று கேட்டுப் பழகுங்கள், செல்வங்களே.